தோட்டத்தில் ஒரு பிள்ளைகள் இசைக்குழு தொடங்க

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். வயலின் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் ஹட்டனில் ஒரு வகுப்புக்குப் போகக் கிடைத்தது பதினாறு வயதில்தான். அதிலும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஒவ்வொரு வாரமும் பாடம் முடியும் முன்பே எழுந்து வருவேன். மற்றப் பிள்ளைகள் வாசிக்கும் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்கும். அதனால்தான், இப்போது நான் நடத்துவதைப் போலத் தோட்டத்தில் ஒரு பிள்ளைகள் இசைக்குழு தொடங்க விரும்பும் யாராவது "டீச்சர், முதலில் என்ன வாத்தியம் வாங்கலாம்?" என்று கேட்டால், "உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்த நேரம் சும்மா இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

அந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பாடசாலை ஒன்றரைக்கு விடும். பல பிள்ளைகள் வீட்டுக்கு நடந்துபோய்ச் சேரவே மூன்றாகிவிடும். தரம் ஐந்து பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு. பெரிய பெண்பிள்ளைகள், அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் முன் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும். நான் லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகப் போய், நாற்பது வீடுகளில் கேட்டேன். எல்லோருக்கும் ஒத்துவந்தது ஞாயிறு இரண்டு மணி முதல் நாலு மணி வரை. நாலுக்கு மேல் வைக்காதீர்கள். மூடுபனி இறங்கிவிட்டால் பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள், அது நியாயம்தான்.

இடத்துக்கு டவுன் மண்டபம் தேட வேண்டாம். வேலைக்குப் போகும் அம்மாமாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கும். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் நாள், நேரம், பொறுப்பாளர் பெயர், கூட்டித் துடைத்துத் திறப்பைத் திருப்பிக் கொடுப்போம் என்ற உறுதி, இந்த நாலும் இருக்கட்டும். தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியும் கையெழுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: வகுப்பு நடக்கும்போது பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஓய்வுபெற்ற பிள்ளை மடுவத்து அம்மா ஒருவர் வந்து உட்காருகிறார். இப்போது அவரும் தாளம் போடுகிறார்.

முதல் நாலு வாரம் வாத்தியமே வேண்டாம். போனில் சுருதிப்பெட்டி செயலியை இறக்கி, 'ஜி' சுருதியில், அதாவது மேலைத்தேய 'ஜி' சுரத்தை ஸவாக வைத்துப் பாடவிடுங்கள். கையால் ஆதி தாளம் போட்டு, எட்டு எண்ணிக்கைக்குள் எல்லோரும் ஒன்றாக நிற்கப் பழகட்டும். ராகம் மோகனம் போதும். ஸ ரி க ப த என்று ஐந்தே சுரம், எந்த இரண்டு சுரம் ஒன்றாக ஒலித்தாலும் காதைக் குத்தாது. 'ஜி' ஏன் என்றால், அடுத்து கையில் கொடுக்கப்போவது ரெக்கோர்டர், துளைகளை விரலால் மூடி ஊதும் குழல். அதில் ஸ ரி க மூன்றும் இடது கையாலேயே வந்துவிடும். மேல் பஞ்சமத்துக்கு ஒரு விரல்தான். 'சி'யில் தொடங்கினால் எல்லாத் துளையையும் மூட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் சின்ன விரலுக்கு அது எட்டாது, பாவம் கீச்சென்று ஊதிவிட்டு அழும்.

ரெக்கோர்டர் வாங்கும்போது எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். ஜெர்மன் விரல்முறை, பரோக் விரல்முறை என்று இரண்டு உண்டு. கலந்து வாங்கினால் ஒரு பிள்ளை சரியாக மூடியும் சுரம் பிசகும், ஏனென்று உங்களுக்கே விளங்காது. பரோக் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் ஊதியதை மற்றவர் ஊதக் கூடாது. ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி, வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்.

இங்கே குளிருக்கு ஒரு தனி வேலை உண்டு. நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பமே 16 பாகை அளவில்தான். காற்று குளிர்ந்தால் ரெக்கோர்டர் போன்ற குழல் வாத்தியத்தின் சுருதி இறங்கும், ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). எட்டுப் பாகை குறைந்தால் அரைச்சுரத்தில் கால் பங்கு போய்விடும். உள்ளே உலோக நாக்குகள் அதிரும் மெலோடிக்காவும் மின் ஓர்கனும் அந்த அளவுக்கு இறங்காது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கேட்க முடியாது. ரெக்கோர்டரின் தலைப்பகுதியை வெளியே இழுத்துச் சுருதியை இறக்கலாமே தவிர, ஏற்ற வழியில்லை. அதனால் பாடிக்கொண்டிருக்கும் பத்து நிமிடமும் ரெக்கோர்டரின் தலைப்பகுதியைக் கக்கத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள். சூடேறியதும் வாசிக்கலாம்.

வயலின் இரண்டாம் வருடம் வரட்டும். லயக் காம்பராவில் ஈரமும் அடுப்புச் சூடும் ஒரே அறையில். வயலினை ஒட்டியிருக்கும் பசை ஈரத்துக்கு விட்டுப்போகும். என் முதல் வயலின் ஒரு மழைக்காலத்தில் அடிப்பலகை பிளந்து போனது, அதைத் திருத்த ஏழு மாதம் காத்திருந்தேன். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, அடுப்பிலிருந்து தூரமாக, வெளிச்சுவரில் சாயாமல் வைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த வேண்டும்.

தப்பு என்ற தோல்மேளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களில் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் சேர்க்க, கூப்பிட்டது தப்பு. மாசியில் காமன்கூத்து என்ற திருவிழாக் கூத்தைத் தூக்கி நிறுத்துவது தப்பு. அப்படியிருந்தும் சாவீட்டு மேளம் என்றும், அதை அடிக்கும் குடும்பம் இன்ன சாதி என்றும் ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் தப்புப் பிள்ளைகள் மூன்று பேரைச் சேர்த்த வாரம், ஓர் அப்பா வந்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் செய்த பிழை, சத்தம் அதிகம் என்ற சாக்கில் அந்த மூன்று பேரையும் பின்வரிசையில் நிறுத்தியது. ஒரு பையன் கேட்டான், "மிஸ், நாங்க வெளியவா நிக்கணும்?" அடுத்த ஞாயிறு அவர்களை நடுவில் உட்காரவைத்தேன், இன்றும் அங்கேதான். சத்தத்துக்கு வழி இருக்கிறது, குச்சி நுனியில் துணி சுற்றினால் போதும். அந்த மகளும் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். உங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரைத் தேடிப்போய், வெற்றிலை பாக்கு வைத்து, ஆசிரியராக வரச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்த, ஆட்ட அடவுக்கான தப்பு அடிகளை நான் எந்தப் பாடத்திட்டத்திலும் பார்த்ததில்லை. கொடுப்பனவும் கொடுங்கள், மற்ற ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே தொகை.

புதிதாக வந்த பிள்ளையும் மூன்று வருடம் படித்த பிள்ளையும் எப்படிச் சேர்ந்து வாசிப்பது? ஒரே பாட்டை மூன்று அடுக்காக எழுதுங்கள். புதியவர்களுக்குத் தாளத்தின் முதல் அடியிலும் ஐந்தாம் அடியிலும் ஸவும் பவும் மட்டும். நடுப்பிள்ளைகளுக்கு மெட்டு. பெரியவர்களுக்கு மெட்டின் இடைவெளியை நிரப்பும் இரட்டை வேகச் சுரங்கள். வந்த முதல் நாளே பிள்ளை இசைக்குழுவில் இருக்கும். 1975இல் வெனிசுவேலாவில் ஜோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்தேமா என்ற பிள்ளைகள் இசைக்குழுத் திட்டமும் இப்படித்தான் நடந்தது. தனியாகப் பல வருடம் படித்துவிட்டு வா என்று சொல்லாமல், முதலிலிருந்தே கூட்டமாக வாசிக்க வைத்தார்கள், பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்கும் இது அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் ஆசிரியர் கிடைக்காத இடத்தில் அக்காவும் அண்ணனும்தான் ஆசிரியர். எங்கள் தோட்டப் பிரிவில் தரம் ஒன்பது பிள்ளை ஒருத்தி ஐந்து பேரைப் பார்த்துக்கொள்கிறாள்.

மெட்டுக்குத் தூரம் போக வேண்டாம். அப்பாயிகளிடம் தாலாட்டும் கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டும் கேட்டு, போனில் பதிந்து வாருங்கள். அந்தப் பதிவைக் கேட்டுச் சுரம் கண்டுபிடிப்பதே நல்ல காதுப் பயிற்சி.

பாடசாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழு தயாராக இருக்கிறது என்றால் அதிபர்கள் கதவைத் திறப்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதமோ மேலைத்தேய சங்கீதமோ எடுக்க விரும்பும் பிள்ளைக்கும் இது கைகொடுக்கும். ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேருக்கு ஐந்து கோட்டு இசைக்குறியீட்டையும் சொல்லிக்கொடுங்கள். 1958 முதல் இயங்கும் இலங்கை சிம்பொனி இசைக்குழு போன்ற இடங்களில் வாசிப்பது அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான். சுரம் மட்டும் தெரிந்த பிள்ளை அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

வாத்தியங்களை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தொலைந்துவிடும் என்று பயந்து ஒரு வருடம் நானும் பூட்டித்தான் வைத்தேன், யாரும் முன்னேறவில்லை. இப்போது அம்மாமார் தைத்த துணிப்பையில் போட்டு வீட்டுக்கே கொடுத்துவிடுகிறேன். பன்னிரண்டில் ஒன்றுதான் கெட்டது, அடுப்புக்கு மேல் தொங்கவிட்டதால் வளைந்துபோனது.

நாலு தோட்டப் பிரிவுகளின் பிள்ளைகளும் மாதத்தில் ஒருமுறை ஒன்றுகூடுகிறோம், பௌர்ணமி விடுமுறையில். லொறியோ வேனோ முதல் வாரமே பேசிவிடுங்கள், திரும்பும் நேரத்தையும் சேர்த்து. தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்க வைக்கோல் ஒரு கட்டும், நெருப்புப் பெட்டியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றியும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.