"யார்கூட இருக்கப் போற?" என்று கேட்பதற்கு முன்

போன மாதம் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் ஓர் இளம் வக்கீல், ஏழெட்டு வயதுப் பையனை ஓரமாக நிறுத்தி, "ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லணும்?" என்று ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் திட்ட வாய் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

பிள்ளை முன்னால் சண்டை போடக்கூடாது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், அதை விடுங்கள். அப்பா ஓர் ஊர், அம்மா ஓர் ஊர் என்று இருக்கும் கஸ்டடி வழக்குகளில், அதாவது பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்குகளில், நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சொல்லிக்கொடுத்து அழைத்து வருவது

அம்மா திருநெல்வேலி, அப்பா புனே. பெண்ணுக்கு ஒன்பது வயது. நான் அம்மா பக்கம். நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார் என்பதால், முதல் நாளே அவளுக்குப் பாடம் எடுத்துவிட்டேன். உள்ளே போனவள், "அப்பாவால எனக்கு மன உளைச்சல்" என்றிருக்கிறாள். "அப்படின்னா என்னம்மா?" என்று நீதிபதி கேட்க, "தெரியாது, வக்கீல் அங்கிள் சொல்லச் சொன்னாங்க" என்றாளாம். நீதிபதி வெளியே வந்து, எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே அம்மாவோடு இருக்கத்தான் ஆசை. ஆனால் அதற்கப்புறம் அவள் சொன்ன எதற்கும் மதிப்பில்லை. கோடை விடுமுறை முழுக்க புனே என்று உத்தரவானது. தான் தப்பாகப் பேசியதால்தான் அம்மா தோற்றுவிட்டாள் என்று அவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் (மைனர் பிள்ளைகளின் பாதுகாவலர் பற்றியது), 17(3) பிரிவு: விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் பக்குவம் பிள்ளைக்கு இருந்தால், நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம். 'கொள்ளலாம்' என்பதைக் கவனியுங்கள். அப்பாவிடமே வளர்ந்த ஒரு சிறுமி அப்பாதான் வேண்டும் என்று சொன்ன பிறகும், அம்மாவோடு இருந்தே பார்க்காத பிள்ளையின் விருப்பம் அது என்று சொல்லி, 2017-இல் உச்ச நீதிமன்றம் அவளை அம்மாவிடம் அனுப்பியது. யாருடைய குரல் யார் வாயில் வருகிறது என்று நீதிபதிகளுக்குத் தெரியும்.

வயதுக் கணக்கு

ஒன்பது வயதானால் பிள்ளை சொல்வதே தீர்ப்பு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அப்படி ஓர் எண் சட்டத்தில் இல்லை. இருப்பது ஐந்து, அதுவும் அந்த வயதுக்குள் இருக்கும் பிள்ளை பொதுவாக அம்மாவிடம் இருக்கட்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் சட்டம் சொல்வது.

தூரத்தை மறப்பது

பிள்ளையைப் பார்க்க 'மாதம் இரண்டாவது, நான்காவது சனி' என்று பழைய மனுவை அப்படியே தட்டச்சு செய்வது. புனேயிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். மூன்று மணி நேரம் பார்க்க அப்பா எத்தனை மாதம் வருவார்? காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறையைப் பிரித்துக் கேளுங்கள். டிக்கெட் காசு யாருடையது, பிள்ளையோடு பயணம் செய்வது யார் என்பதையும் எழுதிவிடுங்கள். பிள்ளையின் விருப்பம் உண்மையில் பயன்படுவது இங்கேதான். கோடையில் கிரிக்கெட் பயிற்சி எந்த வாரம், ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு இருந்தே ஆக வேண்டுமா, இதையெல்லாம் அவர்களிடம் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள்.

வீடியோ காலில் ஒட்டுக் கேட்பது

பிள்ளை அப்பாவிடமோ அம்மாவிடமோ பேசும்போது அறையை விட்டு வெளியே போங்கள்.

முதல் உத்தரவே கடைசி என்று நினைப்பது

கஸ்டடி உத்தரவைச் சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். அந்தத் திருநெல்வேலிப் பெண் பதினான்கு வயதில் மறுபடி நீதிபதியிடம் பேச வந்தாள். அன்று நான் வராந்தாவில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டதோடு சரி.