ஜி.ஆர்.இ. மதிப்பெண் விண்ணப்பத்தில் சேராதது ஏன்: என் அனுபவம்

முதுகலை விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து மூன்று வாரங்களாகியும், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையப் பக்கத்தில் முதுகலைச் சேர்க்கைக்காக நான் எழுதிய ஜி.ஆர்.இ. தேர்வின் மதிப்பெண் ‘வரவில்லை’ என்றே இருந்தது. தேர்வுக் கணக்கிலோ அது அனுப்பப்பட்டுவிட்டதாகத் தேதியுடன் பதிவாகியிருந்தது.

முதலில் பல்கலைக்கழகத்தின் நான்கு இலக்கக் குறியீட்டைச் சரிபார்த்தேன், பிழையில்லை. அடுத்து பெயரைச் சந்தேகித்தேன். கடவுச்சீட்டிலும் தேர்வுப் பதிவிலும் விண்ணப்பத்திலும் அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. கட்டணம் செலுத்தி மறுபடியும் மதிப்பெண்ணை அனுப்பியதும் வீண். அதை யாரும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம் என்பேன், ஏனெனில் முதல் அறிக்கை தேங்கிய இடத்திலேயே இரண்டாவதும் போய்த் தேங்கியது.

சமர்ப்பித்த விண்ணப்பத்தின் நகலை வரிவரியாகப் படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. அமெரிக்கப் படிவத்தில் பிறந்த தேதியை நிரப்பும்போது மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். நான் பழக்கத்தில் நாளை முதலில் இட்டிருந்தேன். நாள் 12-க்குள் இருந்ததால் படிவம் அதைப் பிழையென்று காட்டாமல் ஏற்றுக்கொண்டது. 13 அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அப்போதே மறுத்திருக்கும். பெயர் ஒத்திருந்தும் பிறந்த தேதி ஒத்துப்போகாததால், வந்து சேர்ந்த அறிக்கை என் விண்ணப்பத்தோடு இணையவே இல்லை.

சமர்ப்பித்த பின் அந்தக் கட்டத்தை என்னால் திருத்த முடியவில்லை. எனவே துறைக்கு எழுதாமல், சேர்க்கை அலுவலகத்துக்கே விண்ணப்ப எண், ஜி.ஆர்.இ. பதிவு எண், சரியான பிறந்த தேதி, கடவுச்சீட்டு நகல் ஆகியவற்றுடன் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். இரண்டு நாளில் ‘பெறப்பட்டது’ என்று மாறியதைக் கண்டு நிம்மதியடைந்தேன். பாதியில் நின்றிருந்த இன்னொரு விண்ணப்பத்திலும் அதே பிழை இருந்தது. அதைச் சமர்ப்பிக்கும் முன்பே திருத்திவிட்டேன்.