குடும்ப அதிரடி நகைச்சுவைப் படத்தில் அரசியலையும் அடையாளத்தையும் மதிப்பிடுவது எப்படி?

குளச்சலில் அக்காள் வீட்டில், கடத்தப்பட்ட உளவாளிப் பெற்றோரை மீட்கப் பிள்ளைகள் இருவர் புறப்படும் 'ஸ்பை கிட்ஸ்' (2001) என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் எழுதிய விமர்சனத்தில், கதைமாந்தர் வாய்திறந்து சொன்ன அரசியலை மட்டுமே தேடியிருந்தேன். அது போதாது என்று புரிய மூன்று முறை பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முதல் முறை குறிப்பெடுக்காமல் வீட்டாருடன் பாருங்கள். யார் எங்கே சிரிக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். இரண்டாம் முறை, அரசியலோ அடையாளமோ தென்படும் இடங்களைக் குறித்துக்கொள்ளக் கோடு போட்ட நோட்டும் பேனாவும் வேண்டும். கைப்பேசியில் எழுதும்போது கண் திரையை விட்டு அடிக்கடி விலகுவதால் அதை நான் ஏற்பதில்லை. மொழிமாற்றுப் பதிப்பையும் தவிருங்கள். குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பேச்சைப் பொதுத்தமிழாக்கினால் எது போய்விடுமோ, அதுவே அங்கும் போய்விடுகிறது.

அடுத்து, குறித்த ஒவ்வொன்றையும் பற்றி, 'இதை நீக்கினால் கதை நகருமா?' என்று கேளுங்கள். பதுங்கு வீட்டின் கதவு சிறுமி கார்மெனின் நீண்ட முழுப்பெயரைக் கேட்கிறது. அவள் அதைச் சொன்ன பிறகே கதை முன்னே செல்கிறது. ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் வீட்டுப்பெயர் வேறொன்றுமாக வளரும் அக்காள் மகள், "மாமா, எங்க டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். நான் இரண்டு முறையும் வெறும் நகைச்சுவை என்று கடந்துபோன காட்சி அது. அதிகாரமுள்ளவர்களின் பிள்ளைகளுக்குப் பதிலாக, சொன்னபடி கேட்கும் இயந்திரப் பிள்ளைகளை அனுப்பும் சதியும் இதே சோதனையில் தேறுகிறது. படத்தின் அரசியல் அங்கேதான் இருக்கிறது.

நான் தடுக்கி விழுந்தது இதற்கடுத்த படியில். படத்தில் கார்மெனின் தந்தையின் பெயர் கிரெகோரியோ கோர்டெஸ். அதே பெயருடைய மெக்சிக்க வம்சாவளி விவசாயி ஒருவர், 1901இல் டெக்சாஸில், குதிரை பற்றிய விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஆண் குதிரைக்கும் பெண் குதிரைக்கும் உரிய ஸ்பானியச் சொற்களைக் குழப்பியதால் மூண்ட மோதலில் ஷெரிப்பைச் சுட்டு, பின்னர் நாட்டுப்பாடல்களின் நாயகரானார். இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் டெக்சாஸ்காரர் என்பதால், அவர் வேண்டுமென்றே வைத்த பெயர் என்று உறுதியாக எழுதிவிட்டேன். படம் அதைச் சொல்லவில்லை. ஒற்றுமையை ஒற்றுமையாக மட்டுமே எழுதியிருக்க வேண்டும். அந்த வேடத்தில் நடித்த அந்தோனியோ பண்டேராஸ் ஸ்பெயினில் பிறந்தவர் என்பதைப் பாத்திரத்தின் அடையாளத்துக்குச் சான்றாக்கியதும் பிழையே. நடிகரின் பிறப்பு, பாத்திரத்தின் பின்னணி, இயக்குநரின் நோக்கம் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: இந்த வழிமுறை தமிழ்ப் படங்களுக்கும் பொருந்துமா என்று தக்கலை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் குமரி மாவட்டத்தின் பேச்சு திரையில் வரும்போது, அதைப் பேசுபவர் எடுக்கும் முடிவுகளை ஒரு பத்தியிலும், அவரைப் பார்த்துப் பிறர் சிரிக்கும் இடங்களை இன்னொரு பத்தியிலும் குறித்து, முதல் பத்தி காலியாக இருந்தால் அதையே விமர்சனத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.