நரம்பு எம்.ஆர்.ஐ.: எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கை விறைப்பு, விரல் எரிவு என்று வருந்துபவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். வலை இழுப்பவர்கள், தையல் மெசினே கதியென்று இருப்பவர்கள், சீனி வருத்தக்காரர். தண்ணீரின் பரவலை அளந்து நரம்பின் நிலையைக் காட்டும் டிஃபியூஷன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் அதை வாசிப்பதில் நடக்கும் பிழைகள் நோயாளியை வீணாகக் கலங்கவைக்கும், அல்லது வீணாக ஆறுதல்படுத்தும். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம்.

நரம்புக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் இழையின் நீளப்போக்கில் இலகுவாக நகரும். குறுக்கே போகவிடாமல் சவ்வும், இழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையும் தடுக்கும். இந்தத் திசைப் போக்கை 0 முதல் 1 வரையான எஃப்.ஏ. என்ற எண்ணாகக் கணிப்பார்கள். நரம்பு நசுங்கினாலோ மயலின் சிதைந்தாலோ எண் இறங்கும்.

வயது கூடினாலும் அதே எண் இறங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெசின் மாறினாலும், எடுக்கும் முறை மாறினாலும், நரம்பின் எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தும் அது மாறும். ஆகவே கொழும்பில் எடுத்ததையும் பிறகு கண்டியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, "நரம்பு பழுதாகிக்கொண்டு போகுது" என்று சொல்வது பிழை.

அதைவிட ஆபத்தானது, அவசரத்தில் எடுத்த ஸ்கேன். நரம்பிலிருந்து வரும் சமிக்ஞை பலவீனமாகி, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் குழப்பம் (இரைச்சல்) கூடினால் எஃப்.ஏ. பொய்யாக உயரும். நோயுற்ற நரம்பும் அப்போது நல்லதுபோலத் தெரியும். தண்ணீரின் நகர்வை ஆறு திசைகளில் அளந்தால் கணக்குக்குப் போதும் என்று நிறுத்தாமல், கூடுதல் திசைகளிலும் திரும்பத் திரும்பவும் அளக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் நோயாளி கையை அசைக்கக்கூடாது. தலைக்கு மேலே கையை நீட்டிக் குப்புறப் படுக்கவைத்தால் தோள் வலிக்கும், கை அசையும். அணைகொடுத்து வசதியாகப் படுக்கவைப்பது சின்ன வேலையல்ல.

மணிக்கட்டு வழியாகக் கைக்கும் விரல்களுக்கும் போகும் மீடியன் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 10 சதுர மில்லிமீற்றர்தான். எஃப்.ஏ. கணிக்கப் படத்தில் நரம்பின் மேல் வரையும் வட்டம் கொஞ்சம் பெரிதானாலே கொழுப்பும் தசைநாணும் உள்ளே வந்துவிடும். டிஃபியூஷன் படம் சற்று வளைந்தும் இருக்கும். சாதாரண படத்தில் வரைந்த வட்டத்தை அப்படியே அதில் வைத்தால் நரம்புக்குப் பக்கத்தில் உள்ளதைத்தான் அளப்பீர்கள்.

வெயிலில் வந்தவரின் கை ஏசி அறையில் குளிர்ந்துபோனால் தண்ணீரின் பரவலும் மெதுவாகும். கையைத் துணியால் மூடிவிடுங்கள்.

நரம்பிழைகளை நிற நிறக் கோடுகளாகக் காட்டும் இழைப்படத்தில் கோடு அறுந்திருந்தால் நரம்பு அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கோடுகளை வரைவது கணினி, எஃப்.ஏ. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் அது வரைவதை நிறுத்திவிடும்.

கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கும் வருத்தம், என்று சந்தேகம் வந்தால் முதலில் வேண்டியது வைத்தியரின் கைப் பரிசோதனையும், நரம்பில் மின்சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகுது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையும். எம்.ஆர்.ஐ. அதற்குப் பிறகு. வெளியூரில் எடுத்தால் பிலிமோடு மட்டும் திரும்பாமல் சிடியையும் கேட்டு வாங்குங்கள். எந்த அமைப்பில், எத்தனை திசைகளில் எடுத்தார்கள் என்பதை அதிலிருந்து பார்க்க முடியும். அடுத்த ஸ்கேனையும் அதேபோல எடுக்கச் சொல்லலாம்.