சீசன் ஊரில் ஒரு கொலை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஏரி, கரையில் பத்துப் பன்னிரண்டு ஹோட்டல், வருஷத்தில் மூன்று நான்கு மாதம் மட்டும் கூட்டம். மீதி மாதங்களில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு. குற்ற நாவல் எழுத இதைவிட வாகான இடம் கிடைக்காது என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளூரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதே ஊரில் தினமும் முகம் தெரியாத ஆட்கள் வந்து இறங்குவார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வேறெங்கே அமையும்? எழுத உட்கார்ந்த பிறகுதான் வழுக்கும் இடங்கள் தெரிய ஆரம்பித்தன.

என் முதல் தவறு, ஊரை அறையின் பால்கனியில் நின்று பார்த்தது. முதல் அத்தியாயம் முழுக்க மூடுபனி, தண்ணீரில் ஆடும் விளக்கொளி, தூரத்தில் ஒரு படகு. கதையில் பிணம் மூன்று நாள் ஹோட்டல் அறைக்குள்ளேயே கிடக்கும். ரிசப்ஷனில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மூணு நாளா அந்த ரூமைக் கூட்டக்கூட யாரும் வரலையா?" என்று மட்டும் கேட்டார்.

கதவில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டை தொங்கியது என்று சமாளித்துப் பார்த்தேன். முதல் நாள் தொங்கினால் சரி. இரண்டாம் நாளும் தொங்கினால் அறைக்கு போன் போகும். எடுக்காவிட்டால் மாஸ்டர் சாவியோடு ஆள் போவார் என்றார். என் கதையின் முதுகெலும்பு அங்கேயே முறிந்தது.

தங்க வந்தவரின் கண்ணால் எழுதினால் காட்சி கிடைக்கும், தடயம் கிடைக்காது. இருவர் தங்கிய அறையில் ஒரு தலையணை மட்டும் நசுங்கியிருப்பதும், தனியாகத் தங்கியவரின் மேஜையில் இரண்டு கிளாஸ் இருப்பதும், நான்கு துண்டு வைத்த இடத்தில் மூன்று கிடப்பதும் சுத்தம் செய்ய வருகிறவர் கண்ணில்தான் படும். அட்டையால் திறக்கும் பூட்டாக இருந்தால், எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்தது என்பதையும் பூட்டே பதிந்து வைத்திருக்கும். 1926 டிசம்பரில் ஆங்கிலக் குற்ற நாவலாசிரியை அகதா கிறிஸ்டி காணாமல் போனபோது ஊரூராகத் தேடினார்கள். 11 நாள் கழித்து அகப்பட்டது இங்கிலாந்தில் ஹாரோகேட் என்ற ஊரில். ஊற்று நீரில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள ஆட்கள் வரும் இடம் அது. வேறு பெயரில் தங்கியிருந்தவரை அடையாளம் கண்டு போலீசுக்குச் சொன்னவர்கள், அந்த ஹோட்டலின் இசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். விருந்தினர்கள் அவர்களை அவ்வளவாகக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, ஊரின் பிரச்சினையைச் சொற்பொழிவாக்குவது. வெளியாட்கள் வீடுகளை வாங்கிப் போடுகிறார்கள், வாடகை ஏறுகிறது, அந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கே அங்கே குடியிருக்க முடியவில்லை. உலகத்தில் பல சுற்றுலா ஊர்களின் கதை இதுதான். இதை ஒரு வயதானவர் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குப் பேசினால் வாசகர் தாளைப் புரட்டிவிடுவார். அதையே கதைக்குள் வேலை செய்ய வைக்கலாம். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகாததால்தான் துப்புரவு வேலைக்கு வரும் பெண் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள். அதனால்தான் இருட்டோடு படகுத்துறையில் நின்ற காரை அவள் பார்க்கிறாள். பார்த்ததைச் சொன்னால் வேலை போகும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. இப்போது வாடகையும் கொலையும் ஒரே முடிச்சில் வந்துவிட்டன.

சீசனையும் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும். கொலை சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம் நடந்தால் ஊரே சேர்ந்து மூடப் பார்க்கும். முன்பதிவு ரத்தானால் வருஷ வருமானமே போச்சு. சீசன் முடியும் வாரம் நடந்தால் சாட்சிகள் பெட்டி கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், கேமராப் பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். ஒரே கொலைதான், தேதியை மாற்றினால் வேறு நாவல். தேதியைத் தீர்மானிக்காமல் எழுதத் தொடங்கி அறுபது பக்கம் கிழித்துப் போட்டவன் சொல்கிறேன்.

பிணத்தின் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். "இரவு 11:40க்கு இறந்திருக்கிறார்" என்று டாக்டர் சொல்லும் வசனத்தை எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்! நிஜத்தில் அவர் ஒரு கால இடைவெளியைத்தான் சொல்வார். விறைப்பு பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்துக்குள் முகத்திலும் தாடையிலும் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவி, அப்புறம் மெல்லத் தளரும். குளிரில் இதெல்லாம் தாமதமாகும், வெயிலில் வேகமெடுக்கும். எழுதுகிறவருக்கு இது லாபம்தான்: இடைவெளி பெரிதானால் சந்தேகப்பட இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்கள்.

ஏரி என்றால் இன்னொரு பொறி. உள்ளே போன உடல் அழுகும்போது உண்டாகும் வாயுவால்தான் மேலே வருகிறது. ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் மிதந்துவிடலாம். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிகம். அதனால் குளிர்ப் பிரதேசத்து ஆழமான ஏரிகளின் அடித்தண்ணீர் கோடையிலும் ஏறக்குறைய அந்தக் குளிரிலேயே இருக்கும். அங்கே அழுகலே மந்தம், உடல் மேலே வராமலே போகலாம். முதல் அத்தியாயத்தில் மலை மேல் பனி உறைந்த ஏரி என்று வர்ணித்துவிட்டு மூன்றாம் நாள் பிணத்தை மிதக்க விடாதீர்கள். மூழ்கித்தான் இறந்தார் என்று அடித்துச் சொல்ல ஒற்றை அடையாளமும் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் டாக்டர் அந்த முடிவுக்கு வருவார். வில்லனுக்கு எவ்வளவு பெரிய வசதி!

மற்றவை சின்னத் தவறுகள். நகரத்திலிருந்து வந்த அதிகாரி மட்டும் புத்திசாலி, உள்ளூர் காவலர் மக்கு என்பது அலுத்துவிட்டது. யாருடைய படகு யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்பது அந்த உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். செல்போன் சிக்னல் தேவைப்படும்போதெல்லாம் போய்விடக் கூடாது. ஊரில் ஆளுக்கொரு பயங்கர ரகசியமும் வேண்டாம், நாலைந்து பேருக்கு இருந்தால் போதும்.

கடைசி அத்தியாயம். கைதானவுடன் ஊர் தூய்மையாகிவிடுவது போல முடிக்கிறவர்கள் அதிகம், நானும் முதலில் அப்படித்தான் முடித்திருந்தேன். திருத்திய பிரதியில் அடுத்த சீசன் வந்துவிட்டது. அந்த அறையின் எண் பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். "பால்கனி ஏரிப் பக்கம்தானே?" என்று கேட்கிறார் புதிதாக வந்தவர். ஆமாம் என்று சாவியை நீட்டுகிறாள் ரிசப்ஷனில் இருக்கும் பெண்.