அட்வெர்ப், இன்ஃபினிடிவ், கன்ஜங்ஷன், பிரபொசிஷன்: நான்கையும் ஒரே வாக்கியத்தில் கோப்பது எப்படி?

பள்ளிப் புத்தகத்தில் இவை நான்கும் நான்கு தனிப் பாடங்கள்: எப்படி, எப்போது, எங்கே என்று சொல்லும் சொல் அட்வெர்ப், டு சேர்ந்த வினை இன்ஃபினிடிவ், வாக்கியங்களை இணைக்கும் சொல் கன்ஜங்ஷன், பெயருக்கு முன் நிற்கும் அட், ஆன், இன் போன்றவை பிரபொசிஷன். பரீட்சையிலும் தனித்தனியாகத்தான் கேட்பார்கள். அதனால் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் முழு மார்க் வாங்குகிறவர்கள்கூட, இன்டர்வியூவில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்லும்போது தடுமாறுகிறார்கள். தப்பு பெரும்பாலும் ஒரு பாடத்துக்குள் நடப்பதில்லை, ஒன்று இன்னொன்றைத் தொடும் இடத்தில் நடக்கிறது. இந்தப் பதிவு அந்த இடங்களைப் பற்றி மட்டும்தான். டென்ஸ், அதாவது வினையின் காலம், ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில், ஒரு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி போதும். மொழிபெயர்ப்பு ஆப் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். அது முழு வாக்கியத்தையும் செய்து கொடுத்துவிடும், எது எதோடு சேர்ந்தது என்பது உங்கள் கண்ணில் படாது. லேர்னர்ஸ் டிக்‌ஷனரியில் ஒரு வினைச்சொல்லைப் பார்த்தால், அதற்குப் பின்னால் எந்த பிரபொசிஷன் வரும், டு வருமா, கோயிங் போல இங் ஒட்டிய வினை வருமா என்பதெல்லாம் உதாரணத்தோடு இருக்கும். புதுசு வாங்கத் தேவையில்லை, சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

படி 1: எலும்பை மட்டும் எழுதுங்கள்

இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "மழை பலமா பேஞ்சாலும் மீன் வாங்க அம்மா விடிகாலையிலேயே காசிமேட்டுக்குப் போனாங்க." தமிழில் எல்லாம் முன்னால் வந்து நின்று, வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் செய்தவரும் வினையும் முதலிலேயே வந்துவிட வேண்டும், மிச்சமெல்லாம் பின்னால். எனவே நோட்டில் முதலில் "மை மதர் வென்ட்" என்று மட்டும் எழுதுங்கள். பிறகு எங்கே: "டு காசிமேடு". எப்போது: "எர்லி இன் த மார்னிங்". எதற்கு: "டு பை ஃபிஷ்". கடைசியாக மழை.

"ஆல்தோ இட் ரெயின்ட் ஹெவிலி, மை மதர் வென்ட் டு காசிமேடு எர்லி இன் த மார்னிங் டு பை ஃபிஷ்."

நான்கு வகையும் இதில் இருக்கிறது. ஆல்தோ கன்ஜங்ஷன், ஹெவிலியும் எர்லியும் அட்வெர்ப், காசிமேட்டுக்கு முன் வரும் டுவும் மார்னிங்குக்கு முன் வரும் "இன்" என்பதும் பிரபொசிஷன், டு பை இன்ஃபினிடிவ். எங்கே, எப்போது, எதற்கு என்கிற வரிசையை ஆரம்பத்தில் மாற்றாதீர்கள். கை பழகிய பிறகு மாற்றலாம்.

படி 2: இடமும் நேரமும்

மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருடத்துக்கும் இன். "ராயபுரம் ஸ்டேஷன் ஓப்பன்ட் இன் 1856." "த மெட்ரோ ரீச்ட் விம்கோ நகர் இன் 2021." நாளைச் சேர்த்தால் "ஆன் 14 ஃபெப்ரவரி 2021" ஆகிவிடும்.

இரண்டாவது உதாரணத்தில் ரீச்சுக்குப் பின் டு இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் க்கு வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் டு வரும் என்று நினைத்தால் "ரீச்ட் டு பெரம்பூர்", "கோ டு ஹோம்", "கம் டு ஹியர்" என்று போகும். ரீச் நேராகவே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வினை. "ஹியர்", "தேர்" இரண்டும் அட்வெர்ப், "கோ ஹோம்" என்னும்போது ஹோமும் அட்வெர்ப்தான். அட்வெர்புக்கு முன் அந்த டு நிற்காது. "லாஸ்ட் சண்டே", "திஸ் ஈவ்னிங்" இவற்றுக்கு முன்னாலும் ஆன், இன் எதுவும் வேண்டாம்.

படி 3: இரண்டு டு

அதிகம் பேர் விழும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். டு என்று ஒரே மாதிரி ஒலித்தாலும் இவை இரண்டு வேறு சொற்கள். ஒன்று பிரபொசிஷன், பின்னால் பெயர் வரும், வினை வந்தால் இங் ஒட்டி வரும். இன்னொன்று இன்ஃபினிடிவின் டு, பின்னால் வெறும் வினை மட்டும் வரும்.

எது எது என்று தெரிய ஒரு சோதனை: டுவுக்குப் பின் "இட்" போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" சரியாக நிற்கிறது, ஆகவே அது பிரபொசிஷன். "ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ" என்றுதான் மெயிலில் எழுத வேண்டும், டு மீட் அல்ல. "ஐ வான்ட் டு இட்" நிற்கவில்லை, ஆகவே "ஐ வான்ட் டு மீட் யூ". இதே சோதனை "யூஸ்ட் டு" குழப்பத்தையும் தீர்க்கும். "ஐ ஆம் யூஸ்ட் டு இட்" நிற்கும், எனவே "ஐ ஆம் யூஸ்ட் டு டேக்கிங் த டிரெயின்", அதாவது ரயில் எனக்குப் பழக்கம். ஆம் இல்லாமல் "ஐ யூஸ்ட் டு டேக் த டிரெயின்" என்றால் முன்பு ரயிலில் போவேன், இப்போது இல்லை. மற்ற பிரபொசிஷன்களுக்குப் பின்னும் இங்தான்: "வித்அவுட் டெல்லிங்", "பிஃபோர் கோயிங்", "குட் அட் ஸ்விம்மிங்".

அடுத்தது நோக்கம். "வாங்குவதற்காக" என்பதை அப்படியே மாற்றி "ஐ வென்ட் டு மிண்ட் ஃபார் பையிங் அ பேக்" என்கிறார்கள் (மிண்ட் என்பது சென்னையில் ஒரு இடம்). ஒருவர் எதற்காகப் போனார், வந்தார், செய்தார் என்றால் டு மட்டும் போதும்: "டு பை அ பேக்". ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது ஃபார் சரி: "திஸ் நைஃப் இஸ் ஃபார் கிளீனிங் ஃபிஷ்."

காத்திருப்பது ஒருவர், செயல் நடப்பது இன்னொன்றுக்கு என்றால் ஃபாரும் டுவும் சேர்ந்து வரும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்பதை இப்படிச் சொல்லலாம்: "வி வெயிட்டட் ஃபார் த கேட் டு ஓப்பன்." ஃபாருக்குப் பின் கேட், டுவுக்குப் பின் வெறும் வினை.

இந்தப் படியில் இன்னும் ஒன்று இருக்கிறது. "எழுத ஒரு பேனா குடு" என்னும்போது தமிழில் "பேனாவால்" என்பதன் ஆல் காணாமல் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் அது போகாது, கடைசியில் போய் நிற்கும்: "அ பென் டு ரைட் வித்". கண்டுபிடிக்க, பெயரை வினைக்குப் பின்னால் திருப்பி வையுங்கள். ரைட் வித் அ பென், எனவே வித் வேண்டும். சிட் ஆன் அ சேர், எனவே "அ சேர் டு சிட் ஆன்". ரீட் அ புக், நடுவில் எதுவும் இல்லை, எனவே "அ புக் டு ரீட்" அப்படியே முடியும். பிளேஸ், டைம் இரண்டும் விதிவிலக்கு, "அ பிளேஸ் டு சிட்" என்று நிறுத்தலாம்.

படி 4: அட்வெர்பை எங்கே செருகுவது

வினைக்கும் அது பிடித்திருக்கும் பொருளுக்கும் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். "ஹி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்" தவறு, "ஹி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்" சரி. ஆல்வேஸ், ஆஃபன், நெவர் போன்றவை முக்கிய வினைக்கு முன்னால், இஸ், ஆர், வாஸ் என்றால் அதற்குப் பின்னால்: "ஷி ஆல்வேஸ் கம்ஸ் லேட்", "ஷி இஸ் ஆல்வேஸ் லேட்".

அட்வெர்பும் இன்ஃபினிடிவும் கைகோக்கும் இரண்டு அச்சுகளை மனப்பாடம் செய்யலாம். ஒன்று டூ... டு: "த பஸ் வாஸ் டூ க்ரௌடட் டு கெட் ஆன்." ஏற முடியாத அளவு கூட்டம். "முடியாத" என்பது அந்த நெடில் டூவுக்குள்ளேயே இருக்கிறது, நாட் சேர்க்கக் கூடாது. இன்னொன்று இனஃப்... டு. இதில் இனஃப் பண்புச்சொல்லுக்குப் பின்னால் வரும்: "ஓல்ட் இனஃப் டு வோட்".

நாட் எப்போதும் டுவுக்கு முன்னால் என்று பழகிக்கொள்ளுங்கள். "ஐ டோல்ட் ஹிம் நாட் டு கம்", வராதே என்று சொன்னேன். "ஐ டிட் நாட் டெல் ஹிம் டு கம்", வா என்று நான் சொல்லவில்லை. நாட் இடம் மாறினால் செய்தியே மாறிவிடுகிறது.

டுவுக்கும் வினைக்கும் நடுவில் அட்வெர்ப் வைப்பது குற்றம் என்று சில பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள். "டு க்ளியர்லி எக்ஸ்பிளெயின்" என்பதில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் வேலை விண்ணப்பத்தில் "டு எக்ஸ்பிளெயின் த பிராப்ளம் க்ளியர்லி" என்று எழுதிவிடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

படி 5: கன்ஜங்ஷன்

காலம் காட்டும் வினைகளை எண்ணுங்கள். இன்ஃபினிடிவ் கணக்கில் வராது. அப்படி இரண்டு வினை இருந்தால் இணைக்க ஒரு கன்ஜங்ஷன் போதும். "பேஞ்சாலும்... ஆனா" என்று பேசுகிற வாய்க்கு "ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஷி வென்ட்" இயல்பாக வரும். "பட்" என்பதை எடுத்துவிடுங்கள், அல்லது ஆல்தோவை எடுத்துவிடுங்கள். பிகாஸும் ஸோவும் அப்படித்தான்.

கன்ஜங்ஷனும் பிரபொசிஷனும் முட்டிக்கொள்ளும் ஜோடிகள் இவை: பிகாஸ், ஆல்தோ, வைல் மூன்றுக்கும் பின் எழுவாயோடு வினை வரும். பிகாஸ் ஆஃப், டெஸ்பைட், டூரிங் மூன்றுக்கும் பின் பெயர். "வி வேர் லேட் பிகாஸ் த வியாசர்பாடி சப்வே வாஸ் ஃப்ளடட்." "வி வேர் லேட் பிகாஸ் ஆஃப் த ரெயின்." டெஸ்பைட்டுக்கு ஆஃப் கிடையாது. பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ், அன்டில் நான்கும் இரண்டு வேலையும் பார்க்கும்.

படி 3-இல் சொன்ன நோக்கம் இங்கே திரும்ப வருகிறது. போனவரே அடுத்த செயலையும் செய்கிறவர் என்றால் டு போதும். அதைச் செய்கிறவர் வேறு ஆள் என்றால் ஸோ தட்: "ஐ லெஃப்ட் எர்லி ஸோ தட் மை சிஸ்டர் குட் யூஸ் த பாத்ரூம்." கூட்டுக் குடித்தன வீட்டில் தினமும் பயன்படும் வாக்கியம்.

பிறகு சேர்த்தது: கமென்டில் கேட்டவை

மேக், லெட் இரண்டுக்கும் பின் டு வராதா? செய்வினையில் வராது: "தே மேட் அஸ் வெயிட்", "லெட் மி கோ". ஆனால் செயப்பாட்டு வினையில் மேடுக்குப் பின் டு திரும்பி வந்துவிடும்: "வி வேர் மேட் டு வெயிட்". ஹெல்ப்புக்கு இரண்டும் சரி.

ஸ்டாப்புக்குப் பின் எது? "ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்", பழக்கத்தை விட்டுவிட்டார். "ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்", புகைப்பதற்காக நின்றார். முன்னதில் இங் சொல்தான் ஸ்டாப் பிடித்திருக்கும் பொருள், பின்னதில் டு நோக்கம்.

"ஐ செட் ஹிம் டு கம்" ஏன் தவறு? யாரிடம் என்று ஆளைச் சொன்னால் டெல் தான் வர வேண்டும்: "ஐ டோல்ட் ஹிம் டு கம்". சஜெஸ்ட் இந்த அச்சுக்கே வராது. "ஹி சஜெஸ்டட் டு கோ" என்று எழுதாதீர்கள், "ஹி சஜெஸ்டட் கோயிங்" அல்லது "ஹி சஜெஸ்டட் தட் வி கோ" என்று எழுதுங்கள்.