ரீபோர் முடிந்த ராஜ்தூத் 350-ஐ ஏற்காடு ஏற்றி இறக்குவது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி எஞ்சின் பிடித்து (பிஸ்டன் சிலிண்டரில் மாட்டிக்கொண்டு) ஓரமாக நின்றால், ஏறும்போது சூடாகிப் பிடித்திருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்ட எஞ்சினுக்கு இறக்கம்தான் பெரிய ஆபத்து. ஏறும்போது வண்டி முக்குவது காதில் விழும், கை தானாகவே கியரைக் குறைக்கும். இறங்கும்போது எல்லாம் அமைதியாக, சுகமாக இருக்கும். பிஸ்டனுக்குப் போதுமான ஆயில் போகவில்லை என்பது வெளியே தெரியவே தெரியாது. அந்த இறக்கத்துக்கு எஞ்சினைத் தயார் செய்வதுதான் இந்தப் பதிவு.

யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் 350 என்று இங்கே கொண்டுவந்தது. 347 சிசி, காற்றில் குளிரும் இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்த எச்டி (ஹை டார்க்) மாடலுக்கு 30.5 குதிரைத்திறன், அப்புறம் வந்த எல்டிக்கு (லோ டார்க்) 27. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்து வண்டி இது. என் பெரியப்பா அங்கே பந்தயம் பார்க்கப் போய், அந்த ஆசையிலேயே வாங்கியது. பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை இப்போது எழுப்பியிருக்கிறோம்.

பழைய பந்தய விமானம் ஒன்றின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால், அதை முதல் தடவை பறக்க எடுத்துப்போகும் விமானி தூரம் போகமாட்டார். ஓடுதளத்துக்கு மேலேயே உயரத்தில் வட்டமடிப்பார். எஞ்சின் நின்றாலும் மிதந்து வந்து இறங்கிவிடலாம் என்ற தூரத்துக்குள்தான் இருப்பார். நான் கீழே சொல்லும் வரிசையும் அதே முறையில்தான் இருக்கிறது: பட்டறை, தெரு, சமவெளி, கடைசியில்தான் மலை.

போர் போடுவது, பிஸ்டன் கிளியரன்ஸ், ஹோனிங் எல்லாம் லேத் பட்டறையில் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் அதற்குக் கை சுத்தமான ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

1. காற்றுக் கசிவு: இங்கே அவசரமே கூடாது

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது. கிராங்க்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல் வறண்டு போயிருந்தால், கார்புரேட்டர் வழியாக வராத வெறுங்காற்றும் உள்ளே புகுந்துவிடும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிஸ்டன் பிடிக்கும், அல்லது தலையில் ஓட்டை விழும்.

வலது பக்கச் சீல் போனால் கண்டுபிடிப்பது சுலபம். அது கிளட்ச் பக்கம். கியர் ஆயிலை உறிஞ்சி சைலன்சரில் வெள்ளைப் புகையாகத் தள்ளும். இடது பக்கச் சீல்தான் கள்ளத்தனமானது, அது காற்றை மட்டுமே உறிஞ்சும். எங்கள் வண்டியில் தெரிந்தது ஒரே ஒரு அறிகுறி. முறுக்கி விட்டால் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கியது.

"அண்ணா, ஆக்ஸிலேட்டர விட்டாலும் எறங்க மாட்டேங்குதே, கேபிள் எங்காவது மாட்டுதா?" என்று கேட்டேன்.

"கேபிள் இல்ல தம்பி, எங்கேயோ மூச்சு வாங்குது" என்றார் மெக்கானிக் அண்ணன்.

கார்புரேட்டர் கோளாறும் இதே மாதிரிதான் காட்டும். அதனால்தான் இந்த இடத்தில் எங்களுக்கு நாள் போனது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டி, பைலட் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டைத் திருகு) மாற்றி, திரும்பக் கழற்றி என்று சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஊகிப்பதை விட்டுவிட்டு அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் பதில் கிடைக்கும்.

இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம். மெடிக்கலில் கிடைக்கும் பழைய மாதிரி பிபி மிஷின், அதாவது கையால் அமுக்கும் ரப்பர் பல்பும் முள் மீட்டரும் உள்ளது, போதும். எனக்கு இதைவிடப் பிடித்த கருவி வேறில்லை. சைலன்சர் இரண்டையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாய்களை சைக்கிள் டியூப் துண்டும் தகடும் வைத்து இறுக்கி அடையுங்கள். இன்டேக் பக்கம் ஒரு வாயை அடைத்து, மற்றொன்றில் பிபி டியூபைப் பொருத்துங்கள். பிளக் இரண்டும் இடத்தில் இருக்கட்டும். இந்தக் கிராங்க்கின் நடுவில் இருக்கும் சீல் உரசாத வகை, காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். அதனால் இரண்டு சிலிண்டரையும் சேர்த்தே அடைக்க வேண்டும்.

மீட்டரில் 250 வரை ஏற்றுங்கள். அது 5 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு. முள் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். சிலிண்டர் அடி பேக்கிங், ரீட் வால்வு பேக்கிங், ஆல்டர்னேட்டரைக் கழற்றியபின் தெரியும் இடது சீல் ஆகிய இடங்களில் குமிழி வருகிறதா பாருங்கள். முதலில் நீங்கள் அடைத்த ரப்பரிலேயே கசிவு இருக்கும், அதைச் சரிசெய்த பிறகு மற்றதைச் சந்தேகப்படுங்கள். எங்களுக்குக் குமிழி வந்த இடம் இடது சீல். சீல் மாற்றுவதற்குக் கேஸைப் பிரிக்க வேண்டி வரலாம், அதனால் எஞ்சினைச் சேஸிஸில் ஏற்றும் முன்பே, பெஞ்சில் வைத்து இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

2. ஆயில் பம்பு

ராஜ்தூத் 350-இல் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்பு. ஆக்ஸிலேட்டர் கேபிள் மூன்றாகப் பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரு பம்புக்கும் போகிறது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, இரண்டையும் பொறுத்துத்தான் ஆயில் விழும். இதை நினைவில் வையுங்கள், இறக்கத்தில் தேவைப்படும்.

பிரித்துப் பூட்டிய பம்பில் காற்று அடைத்திருக்கும். பிளீடர் ஸ்குரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விடுங்கள். அப்புறம் மெல்லிய டியூப்கள் இரண்டிலும் ஆயில் நிறைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கேபிளை மேனுவல் சொல்லும் நிலையில் பிடித்தால், பம்பு சக்கரத்தின் குறி ஊசிக்கு நேராக வர வேண்டும். இரண்டு கார்புரேட்டர் ஸ்லைடும் ஒரே நொடியில் எழும்புகிறதா என்று வாய்க்குள் விரல் விட்டு உணருங்கள். கண்ணைவிட விரல் இதில் துல்லியம்.

முதல் டேங்க் பெட்ரோலுக்கு மட்டும், பம்பு வேலை செய்தாலும், லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சேர்த்தே ஊற்றுங்கள். புகை வரட்டும். பம்பை நம்பவே மாட்டேன் என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரியாகப் பூட்டிய பம்பு மனிதக் கணக்கைவிட நன்றாகவே அளக்கும். பந்தயக்காரர்கள் அந்தக் காலத்தில் ஊற்றிய விளக்கெண்ணெய் வகை ஆயிலின் மணம் அருமைதான். ஆனால் அதைச் சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயிலோடு கலக்காதீர்கள், இரண்டும் சேராமல் பிரிந்து நிற்கும்.

3. டைமிங், ஜெட்

டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, டயல் கேஜ் வைத்துத்தான் வைக்க வேண்டும். பிளக் ஓட்டைக்குள் அதைத் திருகி, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயின்ட் (பொறியைத் தூண்டும் ஸ்விட்ச்) திறக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். பாயின்ட் கேப் 0.3 முதல் 0.4 மி.மீ. பிளக் என்ஜிகே பி8எச்எஸ்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், 1983-இல் சுத்த பெட்ரோலுக்காகக் கணக்கிட்ட ஜெட்டில் கலவை மெலிந்துபோகும். புது எஞ்சினுக்கு அது விஷம். மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் பெரிதாகப் போட்டுத் தொடங்குங்கள். பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

4. சூடு ஏற்றி ஆற விடுவது

பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் லைனர் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே முறுக்கினால், பிஸ்டன் முதலில் விரிந்து, இன்னும் விரியாத லைனரில் மாட்டிக்கொள்ளும்.

அதனால் ஸ்டார்ட் செய்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகளில் கை வைக்க முடியாத சூடு வரும்வரை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்துங்கள். முன்னால் ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். முழுக்க ஆறிய பிறகு அடுத்தது. மூன்று முறையாவது. கடைசியில், ஆறிய எஞ்சினில் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் குறுக்கு வாட்டில் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது செய்யுங்கள், கை உணர்வை இதில் நான் ஏற்கமாட்டேன்.

5. சமவெளி

ஆர்சி புதுப்பித்திருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள். முதல் சுற்றுகள் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வரக்கூடிய தூரத்துக்குள் போதும். அப்புறம் விடியற்காலையில் இரும்பாலை ரோடு. இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சில் இருக்கட்டும். எஞ்சின் பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல வேகம் குறையும். அந்த நொடியிலேயே கிளட்ச்சை அழுத்தினால் பின் சக்கரம் பூட்டாது, நீங்களும் விழமாட்டீர்கள்.

ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, 4,000 ஆர்பிஎம்முக்குள் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பெரிய கியரில் வண்டி திணறவும் கூடாது. பிளக் நிறம் பார்க்க, ஓடும்போதே கிளட்ச்சை அழுத்தி எஞ்சினை அணைத்து, ஓரமாக உருண்டு நின்று கழற்றுங்கள். ஐட்லிங்கில் வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த நிறத்துக்கு அர்த்தம் இல்லை. இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். சமவெளியில் 500 கிலோமீட்டர் முடிந்த பிறகுதான் மலை.

6. ஏற்றம்

அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் இருக்கிறது. சிறிய கியரில், எஞ்சின் லேசாகச் சுற்றும்படி ஏறுங்கள். 60 அடி பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒருமுறை ஆறவிடுங்கள்.

மேலே ஒண்டிக்கடை வந்து பிளக்கைக் கழற்றினால் சமவெளியில் பார்த்ததைவிடக் கறுத்திருக்கும். பயப்பட வேண்டாம், முக்கியமாக ஜெட்டைக் குறைக்க வேண்டாம். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்று குறைந்து பெட்ரோல் அதே அளவு வருவதால் கலவை தடித்துவிடுகிறது. மேலே பார்த்து ஜெட்டைச் சின்னதாக்கினால், கீழே சேலம் வெயிலில் கலவை மெலிந்து எஞ்சின் பிடிக்கும். பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் இதற்கென்றே ஒரு மிக்ஸ்சர் நெம்புகோல் உண்டு, உயரம் ஏற ஏற விமானி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போவார், இறங்கும்போது திரும்பக் கூட்டுவார். நமக்கு அது இல்லை. ஜெட் கணக்கு சேலத்துக்கு மட்டும்.

7. இறக்கம்

நாலு சக்கர வண்டிப் பழக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு இறங்குவோம். டூ ஸ்ட்ரோக்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சக்கரம் எஞ்சினை 4,000, 5,000 என்று சுற்றவைக்கிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருப்பதால் பம்பு மிகக் குறைந்த அளவுதான் ஆயில் விடுகிறது, பெட்ரோலில் ஆயில் கலந்திருந்தாலும் அது பைலட் ஜெட் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. வேகம் அதிகம், ஆயில் குறைவு. ஏறி வந்த சூடும் இன்னும் தணியவில்லை.

அதனால் மேலே எஞ்சின் முழுக்க ஆறும்வரை காத்திருங்கள், ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். இறங்கும்போது ஏறிய கியரைவிட ஒரு கியர் கூட வையுங்கள், எஞ்சின் மெதுவாகச் சுற்றும். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் எப்படியும் குறைவுதான், அதை நம்பிச் சின்ன கியரில் போவதில் லாபம் இல்லை. ஆக்ஸிலேட்டரைத் தொடர்ந்து மூடி வைக்காதீர்கள். நேரான இடம் வரும்போதெல்லாம் கிளட்ச்சை அழுத்தி ஒருமுறை முறுக்கி விடுங்கள், ஆயில் உள்ளே போகும். நியூட்ரலில் உருட்டுவது கூடவே கூடாது.

வேகத்தைப் பிடிக்கும் வேலை பிரேக்குக்குத்தான் வரும். முன்னும் பின்னும் டிரம் பிரேக், தொடர்ந்து பிடித்தால் சூடாகி வலுவிழக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, வளைவில் விட்டு, இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர், கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை வைத்து எஞ்சின் சூட்டைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். பார்க்க முடியாது, அது உடல் சூட்டு அளவுக்குத்தான் காட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் துப்பாக்கி மாதிரி வெப்பமானி வேண்டும். அதுவும் பளபளக்கும் அலுமினியத்தில் தவறான அளவைக் காட்டும். பிளக்குக்குப் பக்கத்தில் இரண்டு ஹெட்டிலும் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட்டால் சின்னப் புள்ளி வைத்து, அதை நோக்கிப் பிடியுங்கள். எண்ணைவிட இடது வலது வித்தியாசம் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் கூட இருந்தால் முதல் வேலைக்குத் திரும்புங்கள், பிபி மிஷினை எடுங்கள்.

இன்னொருவர் மலை இறங்கி வந்து, இரண்டு மாதம் கழித்து எடுத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றிருந்தார். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நின்றுபோனால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், பழைய ரப்பரையும் ஊறவைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டமாட்டீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் வற்றும்வரை ஓடவிட்டு அணையுங்கள். டேங்கையும் காலி செய்துவிடுங்கள்.